வேலங்குப்பத்தின் பன்னிரண்டாவது குழந்தை

கட்டுரை எழுதும் அளவுக்கு நான் படித்தவள் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் தட்டச்சு படித்தேன், அவ்வளவுதான். இருபத்தாறு வருடம் மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தவள். சொந்தமாக ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதவே மூன்று தாள் கிழிப்பேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசவும் வராது. அதனால் இதில் முன்பின்னாக இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதக் காரணம் ஒரு பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு, விழுப்புரத்தில் புதிதாகச் சேர்ந்த பதிவாளர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. அதற்கு என்னையும் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். பயிற்சிக்குப் பதிவு செய்து பார்க்கும்போது எங்கள் வட்டாரத்தில் மனிதப் பெயர் போடக் கூடாது. பெயர்: நாற்காலி, கணவர் பெயர்: மேசை என்றுதான் போட வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும், “எதுக்கு மேடம் இந்த ரூல்? யார் போட்டது?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களையும் அந்த ஊரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன், என் பெயரைத் தவிர.

முதலில் திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பதிவறையில் இருந்தேன். அப்போது எல்லாம் நோட்டுதான். அங்கே ஒரு சம்பவம். வார்டில் சேர்ந்த ஒருவர் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதவில்லை. சீட்டு இல்லாததால் தினமும் காலையில் வார்டுக் கணக்கில் அவர் பெயர் வந்துகொண்டே இருந்தது. ஐந்து மாதம் அவர் படுக்கையில் இருந்தார். பாலும் ரொட்டியும் வாங்கினார். ஒருநாள் அவரே கைக்கட்டோடு வந்து சீட்டுப் போடும் வரிசையில் நின்றபோது, “நீங்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறீர்கள்” என்று பெரிய கிளார்க் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதிலிருந்து நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

கணினி வந்த பிறகு என்னை ஒலக்கூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பெயர் பெயராகக் கணினியில் பின்தொடரும் வேலை. அதற்கு விழுப்புரத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கணினிக்கு இரண்டு பேர். என் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு ஆண். இரண்டாம் நாள் பயிற்சிக்கான பக்கம் திறக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவர், உண்மையான பக்கத்திலேயே போட்டுப் பாருங்கள், கடைசியில் சேமி பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள், ஏதாவது ஒரு பெயர் போடுங்கள் என்றார்.

எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. சொல்லிக்கொடுத்தவர் பின்னால் வந்து நிற்கிறாரே என்ற பதற்றத்தில் என் பெயரையே அடித்தேன். மல்லிகா. கணவர் பெயர் தணிகாசலம், என் வீட்டுக்காரர் பெயர். வயது இருபத்து நான்கு. அது எனக்குக் கல்யாணம் ஆன வயது. எங்கள் நிலையத்து ஊர்ப் பட்டியலை உருட்டியபோது நின்ற இடம் வேலங்குப்பம். வீட்டு எண் பதினேழு. செல்பேசி எண்ணுக்கு வெறும் பூஜ்யங்களாகப் போட்டால் ஏற்கவில்லை, அதனால் என் எண்ணைப் போட்டேன். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி கேட்டது. பக்கத்து ஆள் பார்க்கிறாரே என்று கூச்சத்தில் ஒரு தேதியை அவசரமாக அடித்துவிட்டு, பக்கத்தை மூடுவதாக நினைத்து சேமியை அழுத்திவிட்டேன்.

திரையில் ஒரு நீண்ட எண் வந்தது. ‘தாய் பதிவு செய்யப்பட்டார்’ என்று இருந்தது.

எனக்குக் குழந்தை இல்லை. அதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. எழுந்து போய், ஐயா, தவறுதலாக என்னையே கர்ப்பிணியாகப் பதிந்துவிட்டேன், அழித்துக் கொடுங்கள் என்று அந்த அறை நிறைய ஆட்களுக்கு நடுவில் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அழிக்கும் உரிமை மாவட்ட அலுவலகத்துக்கு மட்டும்தான். எனக்கு இல்லை.

எங்கள் வேலை நடக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். மாதத் தொடக்கத்தில் கணினி ஊர்வாரியாக ஒரு பட்டியல் கொடுக்கும். இந்த மாதம் யாரைப் பார்க்க வேண்டும், யாருக்கு எந்த ஊசி என்று இருக்கும். நான் அச்சடித்துக் கிராம செவிலியர்களிடம் கொடுப்பேன். அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து எடை, ரத்த அழுத்தம், தேதி எல்லாம் எழுதித் திருப்பித் தருவார்கள். அதை நான் ஏற்றுவேன். ஏற்றினால் அந்த வரி பச்சையாகும். வெறுமையாக விட்டால் சிவப்பு. மாதக் கூட்டத்தில் சிவப்பு வரிகளைப் படிப்பார்கள். அந்த ஊர் செவிலியர் எழுந்து நிற்க வேண்டும்.

படிக்கிறவர் வட்டாரப் புள்ளியியலாளர் ஸ்ரீபால் சார். மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பவர், அதனால் எங்கள் கூட்டங்கள் ஐந்து மணியைத் தாண்டியதே இல்லை. கணினித் திரையைப் பார்க்கவே மாட்டார். திரைக்கு முதுகு காட்டித்தான் அவர் நாற்காலி கிடக்கும். தாளில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு மர ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்குவார். சிவப்பு வந்தால் ஸ்கேல் நிற்கும். “ஏம்மா?” என்று ஒரே ஒரு தடவை கேட்பார். அப்புறம் காத்திருப்பார். திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். அந்தக் காத்திருப்புக்குப் பயந்தே யாரும் சிவப்பு விடுவதில்லை.

வேலங்குப்பத்துக்கு ராஜேஸ்வரி சிஸ்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆபீசில் என்னிடம் வலியப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். வரும்போதெல்லாம் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், கொண்டுவந்து மேசையில் கொட்டுவாள். அடுத்த ஊருக்குச் செவிலியர் இல்லாததால் அதையும் இவள்தான் சேர்த்துப் பார்த்தாள்.

அடுத்த மாதப் பட்டியலில் மல்லிகா, க/பெ தணிகாசலம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, “உன் பேர்ல ஒருத்தி மாசமா இருக்காக்கா. கணவர் பேரும் ஒண்ணு. இன்னா பொருத்தம் பாரு” என்று சிரித்துக்கொண்டே மடித்துப் பையில் வைத்தாள். அங்கே போய்ப் பார்த்துவிட்டு ‘அப்படி யாரும் இல்லை’ என்று அவளே எழுதித் தருவாள், அதை வைத்து அழித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பட்டியல் திரும்பி வந்தது. மல்லிகாவுக்கு நேராக எடை நாற்பத்தாறு, ரத்த அழுத்தம் 110/70 என்று ராஜேஸ்வரியின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது.

வேலங்குப்பத்தில் நிஜமாகவே ஒரு மல்லிகா இருக்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். அது எப்படி இருக்க முடியும் என்றும் நினைத்தேன். ஏற்றினேன். வரி பச்சையானது.

அடுத்த மாதம் நாற்பத்தேழரை. அதற்கடுத்த மாதம் நாற்பத்தொன்பது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாயிற்று. குழந்தையின் இதயத் துடிப்பு 142. அந்த எண்ணை அடித்தபோது கை கொஞ்ச நேரம் விசைப்பலகை மேலேயே இருந்தது.

பிறகு போன் வர ஆரம்பித்தது. பதிவு செய்த தாய்மார்களுக்கு வாரம் ஒருமுறை தானாகவே ஒரு குரல் பேசும். எண் என்னுடையது அல்லவா. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருப்பேன், மணி அடிக்கும். நிதானமான ஒரு பெண் குரல், ‘வணக்கம் மல்லிகா. இது உங்களுக்கு ஏழாவது மாதம். குழந்தை அசைவதை உணர்கிறீர்களா?’ என்று கேட்கும். கேட்டுவிட்டுக் கொஞ்சம் இடைவெளி விடும், பதிலுக்குக் காத்திருப்பது போல. ஒலிப்பதிவுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் தடவை என் கை தானாக வயிற்றுக்குப் போனது. அந்த எண்ணைத் தடுத்து வைக்க ஒரு நிமிடம் போதும். நான் செய்யவில்லை.

ஒருநாள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் எடுத்துவிட்டார். கடைசி வரை கேட்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இது யாரு?” என்றார். நடந்ததைச் சொன்னேன். “அத்த அழிச்சுடு மல்லி” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. போன் அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

நாள் நெருங்கியதும், இந்தத் தடவை நின்றுவிடும், எழுத ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். பட்டியல் வந்தது. சுகப்பிரசவம், பெண், இரண்டு கிலோ எண்ணூறு கிராம். பிறந்த இடம்: பாண்டிச்சேரி, தனியார். எங்கள் பக்கம் இது ஒரு வழக்கம். பாண்டி என்றால் வேறு மாநிலம், அங்கிருந்து நமக்குக் கணக்கு வராது. விசாரித்து உறுதி செய்ய முடியாத பிரசவத்தையெல்லாம் பாண்டியில் போட்டுவிடுவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

கணினி குழந்தைக்குத் தனி எண் கொடுத்தது. ‘மல்லிகாவின் பெண் குழந்தை.’ ஆறாவது வாரம் ஊசி, பச்சை. பத்தாவது வாரம், பச்சை. பதினான்காவது வாரம், பச்சை. காலையில் வந்ததும் மற்ற வேலைக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ராஜேஸ்வரி அங்கே போகாமல் எழுதுகிறாள் என்பது எனக்கு முதல் மாதமே புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வேலங்குப்பத்து ஜனங்கள் பாதி வருடம் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். இரண்டு தடவை போய்ப் பூட்டிய வீடுகளைப் பார்த்தவள், பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் திரும்பி வந்தது அவளுக்குத் தெரியாது. அப்படியானால் மற்ற பிள்ளைகளுக்கும் ஊசி விழவில்லை. இந்த எண்ணம் வரும்போதெல்லாம் நான் வேறு பக்கத்தைத் திறந்துகொள்வேன். அதைச் சொன்னால் என்னையும் சொல்ல வேண்டும். அவளுக்கு வேலை போகும். அந்தக் குழந்தையின் பக்கமும் போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்றரை இருக்கும். விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார். வேலங்குப்பத்துப் பையன், பதினொரு மாதம். கழுத்து வீங்கி, தொண்டையில் வெள்ளையாக ஆடை கட்டியிருக்கிறது. தொண்டை அடைப்பான், டிப்தீரியா மாதிரி தெரிகிறது, ஆனால் கணினியில் மூன்று ஊசியும் போட்டதாக இருக்கிறது. தாயைக் கேட்டால் ஒன்றுகூடப் போடவில்லை என்கிறாள். எதை நம்புவது? அதற்கு உண்டான மருந்து எளிதில் கிடைப்பதில்லை, வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். ஊசி போடவில்லை என்பது உறுதியானால் உடனே ஆள் அனுப்புவோம். அந்த ஊரில் மற்ற பிள்ளைகளையும் உடனே பார்க்க வேண்டும். இதுதான் அவர் கேட்டது.

ஸ்ரீபால் சார் போனைத் துண்டிக்காமல் மேசை மேல் வைத்தார். வேலங்குப்பத்துக் குழந்தைகள் பட்டியலைக் கேட்டார். அடித்துக் கொடுத்தேன். ஸ்கேலை வைத்து இறக்கினார். பன்னிரண்டு வரி, பன்னிரண்டும் பச்சை. கடைசியாக ஊசி போட்ட தேதி எல்லாவற்றுக்கும் ஒரே புதன்கிழமை. ராஜேஸ்வரி அப்போது வேறு வேலையாக வந்திருந்தாள். கூப்பிட்டார்.

“பன்னெண்டு பேருக்கும் போட்டிருக்கீங்களாம்மா?”

“போட்டிருக்கேன் சார்.”

“அந்தப் பையன் அம்மா இல்லைன்றாங்க.”

“படிக்காத ஜனம் சார். எந்த ஊசி எதுக்குன்னு அதுங்களுக்குத் தெரியாது.” அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. காலைப் பார்த்துப் பேசினாள்.

சார் போனை எடுக்கக் கையை நீட்டினார். எடுத்து, ஊசி போட்டது உண்மைதான் டாக்டர் என்று சொல்லப் போகிறார். அவரிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான்.

“சார், பன்னெண்டாவது குழந்தை இல்ல” என்றேன்.

என் குரல் அப்படி, யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்று இன்னொரு தடவை சொன்னேன்.

“இல்லன்னா? தவறிடுச்சா?”

“பொறக்கவே இல்ல சார்.”

“உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“அந்த அம்மா நான்தான் சார்.”

ஸ்கேல் பன்னிரண்டாவது வரிக்கு அடியில் இருந்தது. அவர் அந்தப் பெயரைப் படித்தார். கணவர் பெயரையும் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு ராஜேஸ்வரியைப் பார்த்துக் காத்திருந்தார். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். சார் போனை எடுத்தார். “டாக்டர், எங்க பட்டியல் பொய். அந்தப் பையனுக்கு ஒரு ஊசியும் போடலன்னு வச்சிக்கினு பாருங்க. மருந்துக்கு ஆள் அனுப்பிடுங்க” என்றார்.

ஜீப்பில் மருத்துவ அதிகாரி, சார், ராஜேஸ்வரி, ஐஸ் பெட்டி, பட்டியலோடு நான். ராஜேஸ்வரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, “அது நீதானாக்கா? மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல” என்றாள்.

“நீ எதுக்கு எழுதின?”

“பட்டியல்ல இருந்திச்சே. இல்லன்னு எழுதினா அந்த வூட்டுக்குப் போனியான்னு கேப்பாங்க. போனாத்தான இல்லன்னு சொல்ல முடியும்?”

கொஞ்சம் கழித்து, “எடை மட்டும் உன்னைப் பாத்துத்தான் போட்டேன். பேரு ஒண்ணாச்சேன்னு” என்றாள். நான் அப்போது நாற்பத்தாறு கிலோதான் இருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பத்துப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் தொண்டையையும் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். ராஜேஸ்வரிதான் ஊசி போட்டாள். நல்ல வேலைக்காரி அவள். ஒரு பிள்ளைக்குக்கூட முன்னால் ஊசி போட்ட அட்டை இல்லை. நான் பட்டியலில் பேனாவால் டிக் செய்தேன். ஸ்ரீபால் சார் ஒரு வேப்ப மரத்தடியில் நின்றார். அவர் சாப்பிடும் நேரம் தாண்டிவிட்டது. ஒரு அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். அன்று அவர் பட்டினி.

பத்து முடிந்ததும் அவர் பட்டியலை வாங்கிக்கொண்டு வீட்டு எண்களைப் பார்த்தபடி நடந்தார். நான் பின்னால் போனேன். பதினாறு கடைசி வீடு. அதற்கு அப்பால் கருவேலம் புதரும் மேடாக மண்ணும்தான். பதினேழு என்று ஒரு வீடு அங்கே இருந்ததே இல்லை. அவர் அந்த இடத்தின் முன்னால், கதவைத் தட்டிவிட்டுத் திறப்பதற்குக் காத்திருப்பவர் போல நின்றார்.

அப்போது என் பையில் போன் அடித்தது. எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. “குடுங்கம்மா” என்று கையை நீட்டினார். கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டார். அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எனக்கும் கேட்டது. ‘வணக்கம் மல்லிகா. உங்கள் பெண் குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைவடைகிறது. இப்போது அவள் உங்கள் குரலை அடையாளம் கண்டு திரும்பிப் பார்ப்பாள்.’ முடியும் வரை கேட்டார். திருப்பிக் கொடுத்தார். இருட்டிக்கொண்டு வந்தது, அவர் முகம் சரியாகத் தெரியவில்லை.

“பேரு வச்சிருக்கீங்களாம்மா?” என்றார்.

இல்லை என்றேன். அது உண்மை இல்லை.

அந்தப் பையனுக்கு அன்று இரவே மருந்து வந்து சேர்ந்தது. மூன்று வாரம் இருந்து பிழைத்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பு என்று சொன்னார்கள். மற்ற பத்துப் பேரில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்து போனது. ராஜேஸ்வரியைக் கள்ளக்குறிச்சிப் பக்கம் மாற்றினார்கள், சம்பள உயர்வை நிறுத்தி வைத்தார்கள். எனக்கு ஒரு மெமோ. பதில் எழுத நான்கு தாள் கிழித்தேன். நாற்காலி, மேசை என்ற விதியை ஸ்ரீபால் சார் போட்டார். கூட்டத்தில் சிவப்பு வரிக்கு எழுந்து நிற்கும் வழக்கத்தையும் அவரே நிறுத்தினார். “சிவப்பு இருந்தா இருக்கட்டும்” என்றார்.

விசாரணை முடிந்த பிறகு அந்தப் பதிவை நீக்க மாவட்டத்திலிருந்து ஒரு நாளைக்கு மட்டும் எனக்கு அனுமதி கொடுத்தார்கள். நீக்கக் காரணம் கேட்டது. மூன்றே காரணங்கள்தான் அதில் உண்டு. இரட்டைப் பதிவு, இறப்பு, இடம்பெயர்வு. ‘அப்படி ஒருவர் இல்லை’ என்பது அதில் இல்லை. இரட்டைப் பதிவு என்றால் இன்னொரு எண் கொடுக்க வேண்டும். இறப்பில் அம்பை வைத்தேன். பின்னால் சார் நின்றிருந்தார். அன்று முதன்முறையாக அவர் திரையைப் பார்த்தார். “அது வேணாம்மா. அதுக்கு ஒரு விசாரணை வரும், எப்படின்னு எழுதணும்” என்றார். இடம்பெயர்வு என்று போட்டேன். எந்த ஊர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். அப்படி விட்டால் அந்தப் பெயர் எல்லா மாவட்டத்துக்கும் பொதுவான ஒரு பட்டியலுக்குப் போகும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தெரியாது. பெயர் வேலங்குப்பத்திலிருந்து மறைந்தது. பதினொரு பிள்ளைகள் என்று வந்தது. சார் மணி பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கணினியைத் திறந்து, பழக்கத்தில் அந்த எண்ணை அடித்தேன். தெற்கே ஒரு மாவட்டத்தில், தங்கள் ஊருக்கு வந்த குழந்தை என்று அந்தப் பதிவை ஏற்றிருந்தார்கள். செல்பேசிக் கட்டத்தில் என் எண் இல்லை, வேறு எண் இருந்தது. குழந்தையின் எடை எட்டு கிலோ நானூறு கிராம் என்று பதிந்திருந்தது.